துருவை மறைத்தலும் களைதலும்

இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடித் தன் இயல்பு கெடுவதே துருப்பிடித்தல் எனப்படும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறைவில்லை. கடலை அடுத்த பகுதிகளில் உப்புக் காற்றும் உண்டு. தோட்டப் பாதையின் செம்மண் சேறோ வண்டியின் அடியில் ஒட்டி, ஈரம் உலராமல் காக்கும். ஆதலின் பழைய கார் வைத்திருப்போர் துருவின் இயல்பை அறிதல் நன்று.

1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரை மூத்தோர் மறந்திரார். அதற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. தகட்டாலான உடலே சுமையைத் தாங்கும். 1985இல் வந்த புரோட்டான் சாகாவும் அத்தகையதே. கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் தகட்டுப் பெட்டி, வீட்டிற்கு உத்தரம் போன்றது. அதன் உள்ளே வெற்றிடம். நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சேறு அவற்றை அடைத்தால் நீர் தேங்கி, தகடு உள்ளிருந்தே அரிபடும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடங்கொள்வதால் வண்ணத்தைப் புடைக்கச் செய்யும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பெரும்பகுதி அழிந்திருக்கக்கூடும்.

தந்தையார் விட்டுச்சென்ற மோரிஸ் மைனரில் மாணவர் மூவரைப் பேச்சுப் போட்டிக்காகப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் ஒரு சக்கரம் காற்றிறங்கியது. ஜாக்கி வைத்து உயர்த்தினேன். வண்டி எழவில்லை, ஜாக்கி தகட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே சென்றது. சில திங்களுக்கு முன் ஒரு பட்டறையில் காசு கொடுத்துச் செப்பனிட்ட இடம் அது! அங்கே இருந்தது இரும்பன்று, பட்டியும் வண்ணமுமே. வழியில் மோதல் நேர்ந்திருந்தால் அப்பிள்ளைகளின் கதி என்ன?

முறையான வேலை வேறு. முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்கி, தீப்பொறி எட்டாதவாறு பெட்ரோல் தொட்டியைக் கழற்ற வேண்டும். வண்டியை உறுதியான இடங்களில் தாங்கி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பி பிணைக்க வேண்டும். இன்றேல் பெட்டியை வெட்டியதும் உடல் வளைந்து, கதவு பின்னர்ப் பொருந்தாது. துருப்பட்ட தகட்டைப் பளபளக்கும் நல்லிரும்பு காணுமட்டும் வெட்டி எறிதல் வேண்டும். அதே கனமுள்ள புதுத் தகட்டைச் சிறிது சிறிதாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு கோணும். பிறகு துத்தநாகப் பூச்சிட்டு, இணைப்புகளில் நீர்புகாப் பசை தடவி, பெட்டியின் உட்புறத்தில் மெழுகு பீய்ச்ச வேண்டும். வடிதுளைகளை மட்டும் அடைக்கலாகாது.

ஐயமிருப்பின் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்லிரும்பு கணீரென ஒலிக்கும். பட்டி மந்தமாக ஒலிக்கும். பட்டறையில், “எவ்வளவு ஆகும்?” என்று வினவுமுன், “எதுவரை வெட்டுவீர்கள்?” என்று வினவுங்கள்.