தினமும் அழகாக உடுத்தலாம், உடம்பை வருத்தாமல்

உடை பற்றிய பேச்சு என்றதும், "இது பெண்கள் சமாச்சாரம்" என்று ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். கழுத்தை இறுக்கும் டையும், குதிகாலைக் கடிக்கும் தோல் காலணியும், உட்கார்ந்தால் வயிற்றைப் பிடிக்கும் கால்சட்டையும் அவர்களுக்கும் உண்டு.

"அழகாக இருக்க வேண்டுமானால் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும்" என்று நம் வீடுகளில் ஒரு வார்த்தை சொல்வார்கள். கல்யாணத்திற்கும் தீபாவளிக்கும் அது பொருந்தும். மூன்று மணி நேரம் பட்டுச் சேலையில் வியர்த்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்வரை உடுத்துகின்ற உடைக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் நம் தோலோடு ஒட்டியிருக்கும் பொருள் அது. அதை விழா உடையைப் பார்த்து வாங்கும் அதே கண்ணோடு வாங்குவதால்தான் அலமாரி நிறையத் துணி இருந்தும் "போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை" என்கிறோம்.

முதலில் நாம் வாழும் ஊரைப் பார்ப்போம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31 முதல் 33 பாகை. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் நாள் 40.1 பாகை பதிவானது. சிங்கப்பூரில் 2023 மே 13ஆம் நாள் 37 பாகை எட்டியது. ஆனால் நம்மை உண்மையில் வாட்டுவது வெப்பத்தைக் காட்டிலும் காற்றிலுள்ள ஈரம்தான். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. ஆகவே, நம் நாட்டில் உடைக்கு முதல் வேலை, தோலுக்கும் துணிக்கும் இடையே காற்றை நடமாட விடுவது.

இங்கே ஒரு வேடிக்கையான செய்தி. பாலைவனத்தில் வாழும் பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிகிறார்களே, வெந்து போக மாட்டார்களா என்று சில அறிவியலாளர்கள் ஆராய்ந்து, 1980இல் 'நேச்சர்' என்ற ஆய்விதழில் எழுதினார்கள். கறுப்பு அங்கி அணிந்தாலும் வெள்ளை அங்கி அணிந்தாலும் உடம்பைச் சென்றடைந்த வெப்பம் ஒரே அளவுதான். கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொண்டது உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால், உள்ளே சூடான காற்று புகைபோக்கியில் போவதுபோல் மேலே எழும்பி, அந்த வெப்பம் தோலுக்கு வருமுன்பே வெளியேறிவிட்டது. "எனக்குக் கறுப்புதான் பிடிக்கும், ஆனால் வெயிலுக்கு ஆகாதே" என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய வெள்ளைச் சட்டையைவிடத் தளர்வான கறுப்புக் குர்த்தா சுகமாக இருக்கக்கூடும்.

அடுத்தது துணி. கடையில் "காட்டன் மாதிரி" என்று சொல்லி விற்பதில் பாதி, பருத்தி அல்ல. சாதாரண ஈரமுள்ள ஓர் அறையில் வைத்தால் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். மரக்கூழிலிருந்து செய்யும் ரேயோன் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட இழுக்காது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரைப் போட்டால் பிளாஸ்டிக் பைக்குள் உட்கார்ந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடற்பயிற்சி செய்தவர்களின் வியர்த்த சட்டைகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பாலியெஸ்டர் சட்டைகளில் மைக்ரோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி நன்றாகப் பெருகியது. பருத்திச் சட்டைகளைவிட அவற்றில்தான் நாற்றம் அதிகம். சிலர் தினமும் இரண்டு முறை குளித்தும், வாசனைத் திரவம் பூசியும், மாலையில் எல்ஆர்டி ரயிலில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கத் தயங்குவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல, சட்டையினுடையது.

அதற்காகப் பருத்திதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பருத்தி நனைந்துவிட்டால் எளிதில் காயாது. ஓடுவதற்கும் பூப்பந்து ஆடுவதற்கும், வியர்வையை வெளியே கடத்துமாறு நெய்த விளையாட்டுச் சட்டைகளே நல்லவை. பருத்தி கசங்கவும் செய்யும். காலையில் இஸ்திரி போட நேரமில்லாத தாய்மார்களுக்குப் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி வசதி. பருத்தியின் பங்கு பாதிக்குமேல் இருக்கிறதா என்று மட்டும் உள் தையலில் தைத்திருக்கும் சிறு சீட்டைப் புரட்டிப் பாருங்கள். சீட்டே இல்லாத துணியானால் ஒரு சுலபமான வழி உண்டு. துணியை உதட்டோடு ஒட்ட வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சுக்காற்று மறுபக்கம் தாராளமாகப் போனால் அந்தத் துணியில் காற்று நடமாடும்.

இனி தையல். என்னைக் கேட்டால், சுகமும் அழகும் கைகோக்கிற இடமே இதுதான். விலை உயர்ந்த துணியைவிட, உடம்புக்குச் சரியாக அமைந்த மலிவான துணி பார்வைக்கு நன்றாக இருக்கும். தோள்பட்டைத் தையல் தோளின் முனையில் விழ வேண்டும். அது கீழே இறங்கினால் அண்ணன் சட்டையை இரவல் வாங்கியதுபோல் தெரியும், மேலே ஏறினால் முதுகு இழுக்கும்.

தையல் கடைகளில் அன்றாடம் கேட்கிற உரையாடல் ஒன்று.

"அக்கா, போன தடவை கையைத் தூக்கவே முடியலை. இந்தத் தடவை கைக்குழியைக் கொஞ்சம் பெரிசா வெட்டுங்க."

"பெரிசா வெட்டினா இன்னும் தூக்க முடியாதும்மா!"

அக்கா சொல்வதுதான் சரி. கைக்குழி அக்குளுக்கு வெகு கீழே இறங்கிவிட்டால், கையைத் தூக்கும்போது பக்கவாட்டுத் துணி முழுவதும் சேர்ந்து மேலே ஏறும். கைக்குழி அக்குளுக்குச் சற்று நெருக்கமாகவும், கையின் மேற்பகுதி தாராளமாகவும் இருந்தால்தான் ரயிலில் கம்பியைப் பிடித்தாலும் ரவிக்கை இடத்தைவிட்டு நகராது. அடுத்த முறை அளவு கொடுக்கும்போது கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்காதீர்கள். ஒரு தடவை உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், மூச்சை இழுத்து விடுங்கள். அளவு எவ்வளவு மாறுகிறது என்று டேப்பே சொல்லும்.

ரவிக்கைக்கு வெளித்துணி நல்ல பருத்தியாக இருந்தும் உள்ளே வேகிறதே என்பார்கள். லைனிங் துணியைப் பாருங்கள். பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். அதற்கும் உள்ளே பஞ்சு பேட் வைத்துத் தைத்திருப்பார்கள். தேக்கா நிலையத்தின் மாடியிலோ மஸ்ஜிட் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ தைக்கக் கொடுக்கும்போது, "லைனிங்கும் காட்டன்தான் வேண்டும், பேட் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

நம் மலாய் சகோதரிகளின் பாஜு கூரோங்கைக் கவனித்திருக்கிறீர்களா? பாரம்பரிய முறையில் தைத்தால் அக்குளுக்கு அடியில் 'கெக்கெக்' என்ற சிறு சதுரத் துணியும், இரு பக்கமும் 'பெசாக்' என்ற நீளமான துண்டும் வைத்து இணைப்பார்கள். அந்தச் சின்னத் துண்டு இருப்பதால்தான் கையை எந்தப் பக்கம் வீசினாலும் துணி இழுக்காது, கிழியாது. உடம்போடு ஒட்டாது, ஆனால் கம்பீரமாக இருக்கும். இந்த நாட்டின் வெயிலை அறிந்த கைகள் உருவாக்கிய உடை அது. இப்போது ஆயத்த ஆடைக் கடைகளில் இடுப்பை ஒட்டி இறுக்கித் தைத்து, கெக்கெக் இல்லாமலே விற்கிறார்கள். பெயர் மட்டும்தான் பாஜு கூரோங்!

பாத்திக் சட்டையும் அப்படியே. மலேசியாவில் 2008 முதல் அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமைதோறும் பாத்திக் அணிகிறார்கள். கோட்டும் டையும் இல்லாமலே ஓர் ஆண் அதிகாரப்பூர்வமாகத் தோன்ற முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? ஜப்பானில் 2005இல் கோடைக்காலத்திற்காகக் 'கூல் பிஸ்' என்று ஓர் இயக்கத்தையே அரசாங்கம் தொடங்கியது. அலுவலகக் குளிர்சாதனத்தை 28 பாகையில் வைத்து, டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னார்கள். நாமோ வெளியே 33 பாகை வெயிலில் வியர்த்து, உள்ளே 21 பாகை குளிரில் நடுங்குகிறோம். நனைந்த பருத்திச் சட்டையோடு குளிர் அறைக்குள் நுழைந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். மெல்லிய பருத்தி உள்சட்டை ஒன்று வியர்வையை வாங்கிக்கொள்ளும். ஆடைக்கு ஏற்ற நிறத்தில் ஒரு சால்வையையோ கை நீண்ட மெல்லிய மேலாடையையோ அலுவலக நாற்காலியிலேயே போட்டு வைத்துவிடலாம்.

சேலையைத் தினமும் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரும் படிக்கட்டில் ஏறும்போது கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். கரையில் கட்டுவதைவிட அங்குலம் ஒன்று உயர்த்தியே கட்டலாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவர்கள் முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.

இப்போது காலணி. இதைக் கடைசியில் வைத்தது முக்கியம் குறைந்ததால் அல்ல. உடையில் செய்யும் பிழை வியர்க்குருவோடும் படர்தாமரையோடும் போய்விடும். காலணியில் செய்யும் பிழை அப்படியல்ல, நம் சமுதாயத்திற்குக் குறிப்பாக.

மலேசியாவின் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது கூடுதல். சிங்கப்பூரிலும் அதே நிலைதான். 2016இல் அந்நாட்டு அரசாங்கம் நீரிழிவின் மீது போரே அறிவித்தது. நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் கால் நரம்புகள் மரத்துப் போகும். காலணி கடிப்பது தெரியாது. நகக்கண்ணில் இரத்தம் வருவதும் தெரியாது. மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியும், சில வேளை அப்போதும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கும். விரலையும் பாதத்தையும் எடுக்க நேர்ந்தவர்கள் பலருக்குக் கதை ஒரு சிறிய கொப்புளத்தில்தான் தொடங்கியிருக்கும். கல்யாணத்திற்கு வாங்கிய கூர்மூக்குக் காலணியை ஒரு நாள்தானே என்று போட்டுக்கொள்வது இவர்களுக்கு ஆகாது.

காலணியை மாலையில் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்தது மாலையில் இறுக்கும். இரண்டு பாதமும் ஒரே அளவு இருப்பதில்லை, பெரிய பாதத்திற்குத்தான் வாங்க வேண்டும். உட்கார்ந்து அல்ல, நின்று பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமிருக்கட்டும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளில் பாதத்தை வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின்மேல் உங்கள் காலணியை வையுங்கள். காலணிக்கு வெளியே கோடு தெரிந்தால், உங்கள் கால் தினமும் அவ்வளவு நசுங்குகிறது என்று பொருள். பெண்களின் காலணிகளை இப்படி வைத்துப் பார்த்தால் பல வீடுகளில் கோடு வெளியேதான் நிற்கும்.

குதி உயர உயர, உடம்பின் எடை முன்பாதத்தில் இறங்கும். எனவே அன்றாடத்திற்குக் குதி தாழ்ந்ததாகவும் அகலமாகவும், குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதாகவும் இருக்கட்டும். அழகு போய்விடுமே என்கிறீர்களா? தளர்ந்த சுடிதாருக்குக் கீழே மெல்லிய தோல் செருப்பும், சேலைக்குக் கீழே நிறம் பொருந்திய தட்டைக் காலணியும் எந்த விதத்திலும் அழகில் குறைந்தவை அல்ல. குதிகால் வலியால் முகத்தைச் சுளித்துக்கொண்டு நடப்பதைப் பார்ப்பவர் கண்ணுக்குக் காலணியின் அழகா தெரியும்?

நீரிழிவு உள்ளவர்கள் தினமும் காலணியைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சிறு கல்லோ பிய்ந்த தையலோ கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வெள்ளைக் காலுறை நல்லது, இரத்தக் கறை பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். கோயில் வெளிப்பிரகாரத்தில் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதையும் இவர்கள் தவிர்க்க வேண்டும். தரை சுட்டது தெரியாமலே பாதம் வெந்துவிடும். பெரும்பாலான கோயில்களில் காலை வேளையிலோ மாலையிலோ போகலாம்.

உயர்ந்த குதி அணிந்தால்தான் வேலை என்று சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள். கடைகளிலும் ஓட்டல் முகப்பிலும் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்களின் நிலை அது. பிலிப்பீன்ஸில் 2017இல் தொழிலாளர் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. பெண் ஊழியர்களை ஓர் அங்குலத்திற்கு மேல் உயர்ந்த குதியை அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதோடு, நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கையும் இடைவேளையும் தர வேண்டும் என்றது அந்த ஆணை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும் அதே ஆண்டில் இத்தகைய கட்டாயத்தைத் தடை செய்தது. நம் பக்கத்தில் அப்படிப்பட்ட வேலையில் இருக்கும் மகளோ தங்கையோ இருந்தால், மேலதிகாரியிடம் போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். கறுப்பு நிறத்தில், மூடிய, தாழ்ந்த குதிக் காலணி ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, "இதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். சீருடைக்குப் பொருந்தும் பொருளைக் கண்ணால் பார்த்தபின் மறுப்பது அவருக்குக் கடினம். கால் வலி இருந்தால் மருத்துவரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.