வால் சக்கரத்து விமானங்கள்

தில்லியை அடுத்த ஹிண்டன் தளத்தில் விமானப் படை விழாவைக் கண்ட நம்மவர்களில் சிலரும், 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரீனாக் கடற்கரையில் திரண்ட மக்களும், டகோடா என்னும் பழைய விமானம் பறந்து செல்லக் கண்டிருப்பார்கள். வானத்தில் அதன் தனித்தன்மை அவ்வளவாகப் புலப்படாது. தரையில் நிற்கையில் பார்த்தால்தான் தெரியும். இறக்கைகளின் அடியில் இரண்டு பெரிய சக்கரங்கள். வாலின் அடியில் ஒரு சிறு சக்கரம். ஆகவே மூக்கை உயர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். நாம் விடுமுறைக்கு ஊர் போய்வர ஏறும் பிரயாணி விமானங்களிலோ சிறு சக்கரம் மூக்கின் அடியில் இருக்கிறது.

2018ஆம் ஆண்டு அன்பளிப்பாக வந்த இந்த டகோடாவிற்குப் ‘பரசுராமா’ என்பது பெயர், அதன்மேல் வி.பி. 905 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணிற்கு ஒரு வரலாறு உண்டு. 1947 அக்டோபர் 27ஆம் நாள் சீக்கியப் படைப் பிரிவின் வீரர்களை தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு ஏற்றிச் சென்ற டகோடாக்களுள் ஒன்று அவ்வெண்ணைத் தாங்கியிருந்தது. அன்று ஸ்ரீநகரில் இருந்தது சிமெண்டுத் தளமன்று; வெறும் மண் பாதை. 1948 மே 24ஆம் நாள் ஏர் கமோடோர் மெஹர் சிங், தளபதி திம்மய்யாவை உடன் ஏற்றிக்கொண்டு, பனிமலைகளைத் தாண்டி லே நகரில் டகோடாவை இறக்கினார். அங்கு பொறியாளர் சோனம் நோர்புவின் மேற்பார்வையில் அமைக்கப்பட்ட மண் ஓடுபாதை, கடல் மட்டத்திற்கு 10,000 அடிக்கும் மேலே இருந்தது. விமானம் அங்கே இறங்க முடிந்ததனால்தான் லடாக்கிற்கு வான்வழியே துணைப்படை அனுப்ப முடிந்தது.

கரடுமுரடான தரைக்கு இவ்வமைப்பு ஏற்றதாவது ஏன்? மூக்கு உயர்ந்திருப்பதால் சுழலும் விசிறி தரையிலிருந்து விலகி நிற்கிறது. கல்லும் மண்ணும் அதில் எளிதில் அடிபடுவதில்லை. மூக்குச் சக்கரம் குழியில் விழுந்தால் அதன் மெல்லிய கால் முறியக்கூடும். வால் சக்கரமோ சிறிய பளுவையே தாங்கிப் பின்னால் உருண்டு வருகிறது. எடையும் குறைவு; பழுது பார்ப்பதும் எளிது.

ஆனால் இந்த நன்மைக்கு விமானி ஒரு விலை கொடுக்கிறான். ஒரு கம்பை முன்நுனியில் பிடித்து இழுத்தால் அது நேராகப் பின்தொடரும். பின்நுனியைப் பிடித்துத் தள்ளினால் பக்கவாட்டில் திரும்பிவிடும். வால் சக்கர விமானத்தில் பளுவின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே ஓடும்போது சற்றே விலகினாலும் அந்த விலகல் தானே வளரும். விமானி சுக்கானை உடனுக்குடன் மிதித்துத் திருத்தாவிடில், விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறக்கையைத் தரையில் மோதிவிடும். பக்கக் காற்று வீசினால் இடர் இன்னும் பெரிது. போதாக்குறைக்கு, உயர்ந்த மூக்கு முன்னால் உள்ள பாதையையும் மறைத்துவிடும்.

ஜெட் எஞ்சின் வந்தபோது இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானம் 1942இல் வால் சக்கரத்துடன்தான் சோதிக்கப்பட்டது. ஓடும்போது வாலைத் தூக்குவதற்கு விமானி பிரேக்கைச் சற்றே அழுத்த வேண்டியிருந்தது. பின்னர் அதற்கு மூக்குச் சக்கரமே பொருத்தப்பட்டது. நல்ல ஓடுபாதைகள் பெருகப் பெருக, புதிய விமானிகள் மூக்குச் சக்கர விமானங்களிலேயே பயின்றனர்.

எனினும் வால் சக்கரம் காட்சிப் பொருளாகிவிடவில்லை. கொலம்பிய விமானப் படை, டகோடாவின் உடலில் புதிய டர்போ எஞ்சின்களைப் பொருத்திப் பீரங்கி விமானமாக்கியது. தாய்லாந்து விமானப் படை அவ்வகை விமானத்தைச் செயற்கை மழை பெய்விக்கப் பயன்படுத்தியது. அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் 2022ஆம் ஆண்டு, ஏர் டிராக்டர் 802 என்னும் விமானத்தின் போர் வடிவைத் தேர்ந்தெடுத்தது. அதன் மூல விமானம் வயல்களுக்கு மருந்து தெளிக்கவும் காட்டுத் தீயை அணைக்கவும் டெக்ஸஸ் மாநிலத்தில் செய்யப்படுவது. ஒழுங்கான தளமில்லாத இடங்களிலிருந்து புறப்பட வல்லது என்பது அதன் சிறப்பு. கொரியாவிலும் வியட்நாமிலும் போரிட்ட ஸ்கைரெய்டரின் பெயரே 2025இல் அதற்கும் சூட்டப்பட்டது. அந்தப் பழைய விமானமும் வால் சக்கரம் உடையதே.

இவ்விமானம் விலைக்கு வந்தவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. பல்லாண்டுகள் ஜெட் ஓட்டித் தேர்ந்தவரும் ஒரு தொடக்க மாணவரைப் போல் அமர்ந்து, தரையில் நேராக ஓட்டும் கலையைப் புதிதாகப் பயில வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் போர்க்கால விமானங்களைக் காத்துவரும் பிரிவு, தன் விமானிகளுக்குப் பயிற்சி தருவதற்காகவே சிப்மங்க் என்னும் சிறு விமானங்களை வைத்துக்கொண்டது. நமது பரசுராமாவைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பதிலும் இதே பயன் உண்டு. எந்தச் சக்கரம் சிறந்தது என்பதை இறங்க வேண்டிய தரையே முடிவு செய்கிறது. இயந்திரத்தை மீண்டும் செய்துகொள்ளலாம். கைப்பழக்கமோ, கற்பிப்பவர் ஒருவரேனும் இருக்கும்வரைதான் நிலைக்கும்.