ஏரிக்கரை வீட்டுக்கு ஏற்ற பழமரம் எது? ஏன்?

ஆப்பிள் மரம் பூக்க குளிர் வேண்டும். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் பல நூறு மணி நேரம் தேவை. பழவேற்காடு ஏரியின் மீனவர் ஊர்களில் அந்தக் குளிர் இல்லை. அங்குள்ள மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றது சப்போட்டா. அதன் தடித்த, வழவழப்பான இலை உப்புக்காற்றைத் தாங்கும், நோய்களும் குறைவு.

சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின் மீது ஒட்டுக் கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுக்கள் இணைந்து ஒரே தண்டாகின்றன. ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளில் பாலை இயற்கையாகவே வளர்வதால், அதன் வேர் இந்தக் கரைக்குப் பழகியது.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற ரகத்தின் ஒட்டுக்கன்றை, ஒட்டுப்பகுதி தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் இருக்கும்படி நட வேண்டும். ஈரமண் பட்டால் அந்த இடம் அழுகும். வடகிழக்குப் பருவமழை நீர் தேங்காதபடி மேடு கட்டி, மட்கிய தொழு உரம் இட வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் பாலைக் கிளைகளை உடனே கிள்ள வேண்டும். விட்டால் மேலுள்ள சப்போட்டாவுக்குப் போகும் சத்தை அவை பறித்துவிடும்.

இலையில் கரும்பூசணம் படிந்தால், அதற்குக் காரணம் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீர். வேப்பெண்ணெய்க் கரைசலால் பூச்சியைக் கட்டுப்படுத்தினால் பூசணமும் மறையும்.