கல்லீரலுக்கு வேறு வழியில் வரும் தமனி

கோலார் தங்கவயலில் ஒருவருக்குக் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று தெரியவந்தால், கோலார் நகரை ஒட்டிய டமகாவில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கோ போவார்கள். ஸ்கேன் ஓர் ஊரில், அறுவை இன்னோர் ஊரில் என்று ஆவதும் உண்டு. அந்த சிடி ஸ்கேனில் கட்டி தெரிந்தால் மட்டும் போதாது. கல்லீரலுக்குப் போகும் தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

பாடநூல் படத்தில் அது ஒரே தமனி. வயிற்றுப் பெருந்தமனியின் சீலியாக் கிளையிலிருந்து வந்து, வலம் இடமாகப் பிரியும். ஆனால் பிலடெல்பியாவின் உடற்கூறியல் அறிஞர் மைக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து 1966இல் எழுதியபோது, ஏறத்தாழ 55 சதவீதத்தினருக்கே இந்த அமைப்பு இருந்தது. 1994இல் அமெரிக்காவில் 1,000 கொடையாளர்களின் கல்லீரல்களை ஆராய்ந்தவர்கள் சுமார் 76 சதவீதம் என்றார்கள். எண்கள் வேறுபட்டாலும், ஏறத்தாழ நாலில் ஒருவருக்காவது தமனி வேறு வழியில் வருகிறது. இது நோயல்ல. கருவில் கல்லீரலுக்கு மூன்று தமனிகள் உண்டு. இரண்டு மறைந்து நடுவில் உள்ளது நிலைப்பதே வழக்கம். சிலருக்கு மறைய வேண்டியது மறைவதில்லை, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அவர்களுக்கு அது தெரியாமலே போகலாம்.

அறுவை மேசையில்தான் சிக்கல். வலத் தமனி குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளம்பினால், கணையத் தலைக்குப் பின்னால், போர்ட்டல் சிரையை ஒட்டியே மேலேறும். கணையத் தலையை அகற்றும் விப்பிள் அறுவையில் கத்தி போகும் இடம் அதுவே. தவறி வெட்டினாலும் போர்ட்டல் சிரை கொண்டுவரும் ரத்தத்தால் கல்லீரல் பிழைத்துவிடக்கூடும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு அதன் வழியாகத்தான் வருகிறது. பித்தநாளத்துக்கு அந்த வசதி இல்லை. அது தமனியை நம்பியே வாழ்கிறது. ரத்தம் நின்றால், அதைக் குடலோடு தைத்த இடம் கசிந்து சீழ்பிடிக்கலாம். அதேபோல இடத் தமனி இரைப்பைத் தமனியிலிருந்து கிளைத்திருந்தால், இரைப்பைப் புற்றுநோய் அறுவையில் அந்தத் தமனியை அடியோடு கட்டும்போது கல்லீரலின் இடப்பக்கம் பாதிக்கப்படலாம்.

முன்பெல்லாம் பித்தநாளத்துக்குப் பின்னால் விரலை வைத்து, துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இன்றும் பார்க்கிறார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் சர்வே வரைபடத்தை நம்பியே நீண்டது. வயிற்றைத் திறக்குமுன் அப்படியொரு வரைபடத்தை ஸ்கேன் தருகிறது.

அதற்கு நேரக்கணக்கு முக்கியம். கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் செலுத்திய அரை நிமிடம்போல் தமனிகள் பளிச்சென்று ஒளிரும். 70 விநாடியில் எடுத்தால் கல்லீரல் திசு நன்றாகத் தெரியும், தமனிகள் மங்கியிருக்கும். இரண்டு கட்டங்களிலும், ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய வெட்டுகளாக எடுப்பதே சரி. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கான்ட்ராஸ்டுக்கு முன் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட வேண்டும். அறிக்கையில் தமனியைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். வழக்கமான அமைப்பு என்றாலும் அதை எழுதவே வேண்டும் என்பேன். ஃபிலிமில் சில படங்களே அச்சாகின்றன. எல்லா வெட்டுகளும் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பே தெரிந்தால், சர்ஜன் அந்தத் தமனியை முதலில் தேடிப் பிரித்துக் காப்பாற்றிவிட்டு மற்றதைத் தொடுவார். கட்டி அதையே சுற்றிக்கொண்டிருந்தால், தமனியை வெட்டி இணைத்துப் பழகிய குழு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த அன்றே விசாரிக்கலாம்.