கெடு தேதியும் கிருகஸ்தனும்

ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டம் சட்டசபையில் படிக்கப்பட்ட மறு நாள், அதன் குற்றங் குறைகளை எடுத்துக்காட்டாத அரசியல் ஊழியர் நம்மில் அரிது. எந்த இலாகாவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, சென்ற வருஷத்துப் பாக்கி எவ்வளவு, வட்டிக்கென்று மட்டும் போவது எவ்வளவு என்பதையெல்லாம் அவர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். மெத்தச் சந்தோஷம். அந்தக் கனவானையே, அவருடைய வீட்டு மின்சாரக் கட்டணத்துக்குக் கெடு என்றைக்கு, மோட்டார் இன்ஷுரன்ஸ் எந்த நள்ளிரவோடு முடிகிறது, இந்த அரையாண்டுச் சொத்து வரி கட்டியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். “வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்” என்பார். வீட்டில் கேட்டாலோ, “எல்லாம் அவருடைய போனுக்குத்தான் வரும்” என்பார்கள். இவ்விரண்டு விடைகளுக்கும் நடுவிலேதான் நமது குடும்பங்களின் பணம் அபராதமாகவும் வட்டியாகவும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

பணமில்லாமல் கட்டத் தவறுவோரைக் குறித்து நாம் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய துன்பம் வேறு. அதற்குப் பரிகாரமும் வேறு. கையிலே பணம் இருந்தும், நாள் தெரியாமையால் தவறுகிற மத்தியதரக் குடும்பங்களே இன்று பெருந்தொகையினர். இதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் அப்படிக் கருதவில்லை. முன்னாளில் கட்டணச் சீட்டு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள். மின்சார அட்டை மீட்டர்ப் பெட்டியருகே தொங்கும். கட்டிய ரசீதுகள் சுவரிலுள்ள கம்பியிலே குத்தப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள அனைவரும் போகிறபோதும் வருகிறபோதும் அவற்றைப் பார்ப்பார்கள். 2016-ஆம் வருஷத்தில் யு.பி.ஐ. வந்தது, அதையொட்டி பாரத் பில் பேமெண்ட் ஏற்பாடும் வந்தது. வரிசையில் கால் கடுக்க நின்ற தொல்லை ஒழிந்தது. இது பெரிய நன்மையென்பதில் சந்தேகமில்லை. ஆயினும், கட்டணச் சீட்டும் கம்பியை விட்டு ஒருவருடைய போனுக்குள் புகுந்துகொண்டது. அங்கே அது ஐம்பது விளம்பரச் செய்திகளுக்கு நடுவில் கிடக்கிறது. பணம் கட்டுவது எளிதாயிற்று. கட்ட வேண்டியது இன்னதென்று அறிவது அரிதாயிற்று.

சென்னையில் ஒரு சாதாரண இல்லத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. எடுத்த நாளிலிருந்து 20 நாள் தவணை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. குடிநீர், கழிவுநீர் வரியும் அவ்வாறே. பள்ளிக்கூடச் சம்பளம் பருவத்துக்கு ஒன்று. சமையல் காஸ் சிலிண்டர் தீர்ந்தபோது. இன்ஷுரன்ஸ் வருஷத்துக்கு ஒரு முறை. போன் கட்டணமோ 28 நாள், 84 நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தோடும் ஒட்டாத ஒரு விசித்திரக் கணக்கு. 28 நாளை ஒரு மாதமென்று எண்ணிக் கட்டுகிறவர் வருஷத்துக்கு 13 மாதம் கட்டுகிறார் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள்? சம்பளம் ஒரே தாளத்தில் மாதந்தோறும் வருகிறது. செலவுகள் ஆறேழு தாளங்களில் வருகின்றன. தவறுதலுக்கு மூலகாரணம் இதுவே.

தவறினால் நேரும் நஷ்டம் எல்லாவற்றிலும் ஒரே அளவினதன்று. மின்சாரத்தில் தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். மறு இணைப்புக்குத் தனிக் கட்டணம் கொடுத்தால் திரும்பி வரும். சொத்து வரியில் பிந்தினால் வட்டி, முந்தினாலோ லாபம். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவிகிதம், 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், ஊக்கத் தொகையாகத் தள்ளிக் கொடுக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் எப்படியும் கட்டப் போகிற பணத்தை ஏப்ரல் கடைசிக்குள் கட்டினால் ஐந்து மாதத்துக்கு 5 சதவிகிதம்; அதாவது வருஷத்துக்கு 12 சதவிகிதம். பாங்கு டிபாசிட்டில் இவ்வளவு கிடைக்குமா?

இவை சில்லறை விஷயங்கள். இன்ஷுரன்ஸ் அப்படியன்று. மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்கு இன்ஷுரன்ஸ் செய்யாமல் வண்டியைப் பொது வீதியில் ஓட்டலாகாது என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆவது பிரிவின் விதி. இதற்குக் கருணை நாள் ஒன்றேனும் கிடையாது. நேற்று நள்ளிரவில் பாலிஸி முடிந்து, இன்று காலை ஆபீசுக்குப் போகும் வழியில் விபத்து நேருமாயின், டிரிபியூனல் விதிக்கும் நஷ்டஈடு முழுவதும் வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும். இரண்டாயிரம் ரூபாய்ப் பிரீமியம் கட்டக் கூடாதவரல்லர் அவர், தேதியை மறந்தவர். அதற்காகக் குடியிருக்கும் வீட்டின் மேல் கை வைக்க நேர்வது நமது வக்கீல் நண்பர்கள் யாவரும் அறிந்த சங்கதி.

ஆயுள் இன்ஷுரன்ஸில் வருஷ, அரைவருஷ, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாளும், மாதத் தவணைக்கு 15 நாளும் கருணைக் காலம் உண்டு. அதற்குள் மரணம் நேர்ந்தால், கட்டாத தவணையைக் கழித்துக்கொண்டு தொகையைத் தருவார்கள். அந்தக் கெடுவும் தாண்டினால் பாலிஸி காலாவதி. பல வருஷம் கட்டிய பாலிஸிக்கு ஏதோ கொஞ்சம் உரிமை மிஞ்சும், புதியதற்கு அதுவுமில்லை. வைத்திய இன்ஷுரன்ஸின் நஷ்டம் இன்னும் நுட்பமானது. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருக்கும் காலம் என்று ஒன்று உண்டு. 2024-இல் அதன் உச்ச வரம்பு மூன்று வருஷமாகக் குறைக்கப்பட்டது. கருணைக் காலத்துக்குள் புதுப்பிக்கத் தவறினால், காத்திருந்த வருஷங்கள் வீணாகி, மீண்டும் முதலிலிருந்து எண்ண நேரும். சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரருக்கு இது பண நஷ்டம் மட்டுமன்று.

கிரெடிட் கார்டின் தந்திரம் வேறு வகை. அங்கே தவறாமல் கட்டுகிறவரும் ஏமாறுகிறார். சீட்டில் ‘மொத்தத் தொகை’ என்றும் ‘குறைந்தபட்சத் தொகை’ என்றும் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். இரண்டாவதைக் கட்டினால் அபராதம் இல்லை. ஆகவே கடமை தீர்ந்ததென்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். 20,000 ரூபாய் பாக்கிக்குக் குறைந்தபட்சம் 5 சதவிகிதமென்றால் 1,000 ரூபாய். மீதி 19,000-க்கு மாதம் 3½ சதவிகித வட்டி 665 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ஏறக்குறைய 120 ரூபாய். அடுத்த மாதம் அவர் கொடுக்கும் ஆயிரத்தில் 785 ரூபாய் இவற்றுக்கே போக, அசலில் குறைவது 215 ரூபாய்தான். இதற்கிடையில் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையா. பழைய மார்வாடி வட்டியை மேடைமேல் ஏசியவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை பென்சிலால் போட்டுப் பார்ப்பார்களாக. முழுத் தொகையையும் கட்ட எண்ணியிருந்து நாள் தவறியவருக்கு மட்டும் ரிசர்வ் பாங்கு 2022-இல் ஒரு சலுகை செய்திருக்கிறது: கெடு கடந்து மூன்று நாளுக்கு மேற்பட்டால்தான் தாமத அபராதம் போடலாம், தவறினார் என்று கடன் தகவல் கம்பெனிகளுக்குத் தெரிவிப்பதும் அதன் பிறகே.

பரிகாரம் யாது? புதிய யந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். கட்டணத்தின் பெயர், இணைப்பு எண் அல்லது பாலிஸி எண், யார் பெயரில் இருக்கிறது, எந்தப் போனுக்குச் செய்தி வருகிறது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, கெடு தேதி, சென்ற முறை கட்டிய தொகை, கட்டிய நாள்: பக்கத்துக்கு ஒன்றாக இவற்றை எழுதி வைக்க வேண்டும். பின்னர், கெடு தேதிகளையெல்லாம் நாட்காட்டியின் அந்தந்தத் தாளில், ஐந்து நாள் முன்னதாகவே, சிவப்பு மையால் குறிக்க வேண்டும். தினந்தோறும் தாள் கிழிக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இராகுகாலம் பார்க்கும் கண்ணுக்கு மின்சாரக் கெடுவும் படட்டும்.

தாளங்கள் பலவாயிருப்பதற்கும் வழி உண்டு. சொத்து வரி 3,600 ரூபாயென்றால் மாதம் 600. வருஷ பிரீமியம் 24,000 என்றால் மாதம் 2,000. இவ்வாறு ஒவ்வொன்றையும் மாதக் கணக்காக மாற்றிக் கூட்டி, சம்பளம் வந்த மறு நாளே அத்தொகையைத் தனியானதொரு சேமிப்புக் கணக்கில் மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கு கட்டணங்களுக்கன்றி வேறெதற்கும் இல்லை. கல்யாணமோ தீபாவளியோ அதைத் தொடலாகாது. கிரெடிட் கார்டின் கெடு சம்பளத்துக்கு முன்னால் விழுமாயின், கணக்கு நாளை மாற்றித் தரும்படி கேட்கலாம். ஒரு முறையேனும் அப்படி மாற்றித் தர வேண்டுமென்று 2024-இல் விதி செய்யப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் பாங்கே தானாகக் கழித்துக்கொள்ளும்படி உத்தரவு கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒரே தொகையாக வரும் பிரீமியத்துக்கு அது நல்ல ஏற்பாடே. ஆனால் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கும் கவலையிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை. செக் திரும்பினால் 138-ஆவது பிரிவு என்பது ஊரறிந்தது. இத்தகைய மின்னணு உத்தரவு பணமின்றித் திரும்பினாலும், 2007-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின் 25-ஆவது பிரிவு இரண்டு வருஷம் வரை சிறையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ விதிக்க இடந்தருகிறது என்பது பலர் அறியாதது. தொகை மாறி மாறி வரும் மின்சாரம் போன்றவற்றைக் கண்ணால் பார்த்துக் கையால் கட்டுவதே மேல். தப்பான கணக்கு அங்கேதான் பிடிபடும்.

தப்பான கணக்கு வந்தால் கட்டாமலிருந்து போராடுவேன் என்பது நம்மவர் சுபாவம். அது வீரமாகத் தோன்றலாம். சட்டம் அதைவிட நல்ல வழி காட்டுகிறது. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் 56-ஆவது பிரிவின்படி, கேட்ட தொகையையோ, முந்திய ஆறு மாதச் சராசரியையோ, இவற்றில் எது குறைவோ அதை ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துக் கட்டினால், வழக்குத் தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதே பிரிவு, 15 முழு நாள் எழுத்து மூலமான நோட்டீசு இல்லாமல் துண்டிக்கலாகாது என்றும் சொல்கிறது. முதன்முதல் கெடுவிலிருந்து இரண்டு வருஷம் கடந்த தொகையை, அது இடைவிடாமல் பாக்கியென்று காட்டப்பட்டு வந்தாலன்றி, வசூலிக்க முடியாது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆகையால் ரசீதுகளை எறிந்துவிடலாகாது. பொதுவான கடன் வழக்குகளுக்குக் காலவரையறை மூன்று வருஷம். அதுவரையேனும் கட்டி வைப்பது அவசியம்.

15 நாள் நோட்டீசு என்ற விதி இன்னொன்றுக்கும் உதவும். “இன்றிரவு ஒன்பதரை மணிக்கு உங்கள் மின் இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்” என்று போனில் செய்தி அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டத்தார் சில வருஷங்களாக நாடெங்கும் திரிகிறார்கள். படித்தவர்களே மிகுதியாக அகப்படுகிறார்கள். ஏன்? கட்டினோமா இல்லையா என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. பயம் அங்கே நுழைகிறது. நோட்டைத் திறந்து, சென்ற வாரம் கட்டியாயிற்று என்று பார்க்கிறவர் அந்தச் செய்தியை அழித்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நிற்க. நோட்டை யார் வைத்துக்கொள்வது? பூட்டிய மேஜைக்குள் வைத்துக்கொண்டால் அது போனைவிட மேலானதன்று. குடும்பத் தலைவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடக்கட்டும். அல்லது நமது நண்பர்களிற் சிலருக்கு முன்னர் நேர்ந்தது போல மறியலுக்குப் போய்ச் சிறையில் இருக்கட்டும். வீட்டிலிருப்போர் அவருடைய போனைத் திறக்கவும் அறியார். வைத்தியச் செலவு ஒருபுறம் ஏறும். மறுபுறம் அந்த வைத்தியத்துக்கான பாலிஸியே காலாவதியாகும். ஆகவே நோட்டு மனைவியாருக்கும் வயது வந்த மக்களுக்கும் தெரிந்த இடத்தில், சமையலறை அலமாரியிலோ பூஜை அறையிலோ, இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் இருவருமாக உட்கார்ந்து பக்கங்களைப் புரட்ட வேண்டும். கட்டும் வேலையை ஒரு மாதம் அவர் செய்தால் மறு மாதம் இவர் செய்வது நலம். ரகசியச் சொற்களை நோட்டில் எழுதலாகாது. அவரவர் கணக்கிலிருந்து கட்டும் வழியை அவரவர் பழகிக்கொள்வதே சரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மின் இணைப்பும் வரிச் சீட்டும் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே இருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனையோ. அவற்றில் பதிவான போன் எண், அவர் இறந்தபின் கைவிடப்பட்டதாகவோ, வெளிதேசத்திலுள்ள தமையனாருடையதாகவோ இருக்கிறது. செய்திகள் அங்கே போகின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று விசாரித்து, வீட்டில் இருக்கும் ஒருவருடைய எண்ணாக மாற்றி, மாற்றிய தேதியை நோட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு மரணச் சான்றும் வாரிசுச் சான்றும் தேடி எடுக்கச் சில வாரங்களாகும். போன் எண்ணை மாற்ற அன்றைய மாலையே போதும்.