அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா?

“இன்று மாலை கணித வகுப்பு இல்லை.” துணைப்பாட நிலையம் ஒன்றின் இணையச் செயலிக்கு நிரல் எழுதும் எனக்கு, இத்தகைய அறிவிப்புகளை மாணவர்களின் கைப்பேசிகளுக்கு அனுப்புவதும் ஒரு வேலை. செய்தி சேராவிட்டால், தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவர் பேருந்து ஏறி வந்து பூட்டிய கதவின்முன் நிற்க நேரும்.

நம் சேவையகம் கைப்பேசியை நேரடியாகத் தொடர்புகொள்வதில்லை. ஐஃபோன் என்றால் ஆப்பிள் 2009இல் தொடங்கிய அறிவிப்புச் சேவையிடமும், ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகலின் ஃபயர்பேஸ் சேவையிடமும் செய்தியை ஒப்படைக்கிறோம். கைப்பேசி அந்தச் சேவையுடன் ஒரே ஓர் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஒவ்வொரு செயலியும் தனி இணைப்பு வைத்துக்கொண்டால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும்.

யாருக்கு அனுப்புவது? செயலியை நிறுவியதும் கைப்பேசிக்கு ‘டோக்கன்’ எனும் நீண்ட குறியீடு கிடைக்கும். அதுவே முகவரி. அதை நம் தரவுத்தளத்தில் சேமிக்கிறோம். செயலியை நீக்கினால் அந்த முகவரி செல்லாது. அப்போது ஃபயர்பேஸ் 404 என்றும் ஆப்பிள் 410 என்றும் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். உடனே அந்த டோக்கனை அழித்துவிட வேண்டும்.

200 என்ற பதில் வந்தால் வெற்றிதானே என்று பலர் நினைக்கிறார்கள். சேவை நம் செய்தியைப் பெற்றுக்கொண்டது என்பதே அதன் பொருள். மாணவர் பார்த்துவிட்டார் என்பதல்ல. அவர் அறிவிப்புக்கு அனுமதி தராமல் இருக்கலாம், கைப்பேசி அணைந்திருக்கலாம். கால வரம்பு குறிப்பிடாவிட்டால் ஃபயர்பேஸ் செய்தியை நான்கு வாரம்வரை வைத்திருக்கும். மறுநாள் காலையில் “இன்று மாலை வகுப்பு இல்லை” என்று வந்தால் குழப்பமே மிஞ்சும். எனவே, வகுப்பு தொடங்கும் நேரத்தையே காலாவதி நேரமாக வைக்கிறேன்.

தமிழில் அனுப்புவோர் அளவையும் கவனிக்க வேண்டும். ஓர் அறிவிப்பின் உச்ச வரம்பு 4,096 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ‘க’வுக்கு மூன்று, ‘கி’க்கு ஆறு. ‘வகுப்பு’ என்ற ஒரு சொல்லே 21 பைட். சுருக்கமாக எழுதினால் கவலையில்லை.

மதிப்பெண் போன்ற விவரங்களை அறிவிப்பில் எழுதவே கூடாது. பூட்டிய திரையிலும் அது தெரியும்; பக்கத்தில் இருப்பவரும் படிப்பார். “தேர்வு முடிவு வந்துள்ளது” என்று மட்டும் சொல்லி, விவரத்தைச் செயலிக்குள் காட்டலாம்.

வகுப்பு ரத்தானால், அச்செய்தி முதலில் தரவுத்தளத்தில் பதிவாகும். பிறகே அறிவிப்பு போகும். செயலியைத் திறந்து செய்தியைப் பார்த்தவர்களின் பெயர் குறிக்கப்படும். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பார்க்காதவர்களின் பட்டியல் அலுவலகத்துக்குச் செல்லும். அங்குள்ளவர்கள் பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பார்கள்.

நிரல் எழுதப் பழகும் இளையர்களே, அறிவிப்பை அனுப்பும் வரியை எழுதுமுன் ஒன்றை யோசியுங்கள்: இது போய்ச் சேராவிட்டால் யாருக்குச் சிரமம்? அவருக்காக இன்னொரு வழியையும் சேர்த்தே அமையுங்கள்.