நிலாவரையில் போட்டது எங்கே போகும்?

நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று யாழ்ப்பாணத்து ஆச்சிமார் சொல்வார்கள். பழம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கதைக்குள் இருக்கும் நிலவியல் பிழையில்லை. குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். இறங்கும் மழைநீர் அதைக் கரைக்கக் கரைக்க வெடிப்பு குகையாகும். குகையின் கூரை விழுந்தால் இடிகுண்டு. நவக்கிரியில் உள்ள நிலாவரை அப்படி உண்டானதுதான். கீரிமலையில் நிலத்தடி நன்னீர் கடலோரமாக ஊற்றெடுக்கிறது. கேணிக்கும் அலைக்கும் நடுவே ஒரு மதில்தான்.

இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள். ஆனால் நிலாவரையில் நீந்த இறங்க வேண்டாம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். படி முடிந்தால் கால் வைக்கத் தரை இல்லை. கீரிமலையில் தாராளமாக முழுகலாம், சவர்க்காரமும் ஷாம்பூவும் பையிலேயே இருக்கட்டும்.

இது வெறும் ஒழுக்கப் பேச்சு அல்ல. மணல் நிலம் அழுக்கை ஓரளவு வடிகட்டும். சுண்ணக்கல் வெடிப்பு அப்படியே கடத்திவிடும். குப்பை கொட்ட வசதியான பள்ளம் என்று ஒரு இடிகுண்டை நிரப்புகிறவர், யாரோ ஒருவருடைய குடிகிணற்றில்தான் கொட்டுகிறார். சுன்னாகத்தில் நடந்ததும் அதுதான். மின்நிலையப் பகுதியின் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் படலமாக மிதந்தது. வாளியில் அள்ளிய தண்ணீரே மணத்தது.

எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும். தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் வரும் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்: தண்ணீர் ஆவியாக, மிஞ்சியதில் நைத்திரேற்றின் செறிவு கூடும். குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுப்பதே வழி. எங்கே, எப்படி என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

யாராவது மாசுபடுத்துவதைக் கண்டால் முதலில் திகதியுடன் படம் எடுங்கள். பிறகு பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். வாய்முறைப்பாட்டுக்குத் தடயமே இருக்காது. அதிகாரிகள் நீரைப் பரிசோதித்தும் முடிவை வெளியிடவில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.

பொதுத்தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்கும் போகலாம். சுன்னாக விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பொதுநல மனுவில், 2019 ஏப்ரலில், மாசுபடுத்திய மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. இத்தகைய அடிப்படை உரிமை மனுவைப் பொதுவாக மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். ஆகவே கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்கும்போதே ஒரு சட்டத்தரணியையும் பார்த்துவிடுங்கள்.